மூன்று மொழி படித்தவன்

ஐப்பசி 9
காலையிலிருந்து மழை. தறிக்குழியில் தண்ணீர். இரண்டு தரம் இறைத்தாயிற்று. நெய்ய முடியாது. நைனாவுக்கு அதுகூடக் கவலையில்லை. நாளை மறுநாள் எனக்குப் பரீட்சை. கப்பல் தரகருக்கு எழுத்துக்காரன் வேண்டும். தமிழ், தெலுங்கு, கோட்டை டச்சுக்காரர்களின் ஒல்லாந்து மூன்றும் தெரிந்தவன். போட்டிக்கு நானும் கூடப் படித்த சின்னையாவும்.

தெலுங்கு தேசத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து ஐந்து வருடம். இன்னும் தெருவில் நாங்கள் ‘வந்தவங்க’தான். நான் எழுத்துக்காரனானால் அந்தப் பேர் போய்விடும் என்கிறார் நைனா. "என் மவன் கோட்டையில குந்தி எழுதப் போறான்"னு எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

ஒல்லாந்து எண் இன்னும் தகராறு. இருபத்து நான்கை ‘நான்கும் இருபதும்’ என்கிறார்கள்.

இருந்த ஒரு முட்டை எனக்கு. தங்கச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி 11
மழை விட்டது. கரையோரப் பண்டகசாலை. பஞ்சத்தில் நடந்து வந்தவர்கள் தரையில் வரிசையாக. எலும்பும் தோலும்.

தரகர் சொன்னார்: "பேரு, ஊரு, வயசு கேளு. கப்பல் ஏறச் சம்மதமானு கேளு. எழுதிக்கினு வா. அவ்ளோதான் பரீட்சை."

கப்பல் ஏறினவர்களைக் கடலுக்கு அப்பால் விற்கிறார்கள். ஊருக்கே தெரியும். போனவர் திரும்பியதில்லை.

முதலில் ஒரு அம்மா. இடுப்பில் குழந்தை, பக்கத்தில் மகள். மகள் பேர் நாகம்மா. என் வயதுதான். எங்கள் பழைய ஊருக்குப் பக்கத்து ஊர். என் இறகுப் பேனாவைக் காட்டி, "இதுல எழுதினா சோறு தருவாங்களா?" என்றாள்.

சம்மதம் கேட்கவில்லை. மெதுவாகத் தெலுங்கில், "விக்கிறாங்க. ஏறினா திரும்ப முடியாது. போயிடுங்க" என்றேன். அந்த அம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

"இன்னாடா சொன்ன?" என்றார் தரகர். தாளைப் பிடுங்கிச் சின்னையாவிடம் கொடுத்தார். அவன் தலை நிமிராமல் எழுதினான்.

வீட்டில் நைனா ஒன்றே ஒன்று கேட்டார். "தப்பா எழுதிட்டியா?"
"எழுதவேயில்ல நைனா."

ஐப்பசி 12
தோணிகள் அடையும் தோணிரேவு வழியில் புளியமரத்தடியில் அந்த மூன்று பேர். கஞ்சி கொண்டுபோனேன். குழந்தை வாய் திறக்கவில்லை.

"போகாதேன்னு சொன்னியே, எங்க போறதுன்னு சொல்லு" என்றாள் அந்த அம்மா. கஞ்சிச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

இங்குள்ள பெண்கள் கடலோர உப்பேரிச் சேற்றில் கைவிட்டு இறால் பிடிப்பதை நாகம்மா பார்த்தாள். தானும் இறங்கினாள். வெகுநேரம். நாலே நாலு இறால். கரையேறும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் என் அம்மா: "கஞ்சி நம்ம வாய்க்கே பத்தல. நாளைக்கு எடுத்துக்கினு போவாத."

நைனா தரகரைப் பார்க்கப் போய் வந்தார். என்ன பேசினார், தெரியாது.

ஐப்பசி 13
மரத்தடியில் அந்த அம்மாவும் குழந்தையும் மட்டும். பக்கத்தில் சின்ன அரிசி மூட்டை.

கரைக்கு ஓடினேன். கப்பலுக்கு ஆள் ஏற்றிய படகுகள் போய்விட்டன. சின்னையா தாளைத் திருப்பிக் காட்டினான். நாகம்மா. வயது பதினாலு. சம்மதம்.

"நான் கேட்டேன்டா. அவதான் தலையாட்டினா."

பின்னாலேயே நைனா வந்து நின்றார். "நீ எழுதலன்னா இன்னொருத்தன் எழுதறான். அவ எப்படியும் போயிட்டா. நாம இன்னும் தறிக்குழிலயே கெடக்கறோம்." பிறகு குரல் இறங்கி, "தரகர் கால்ல வுழுந்துட்டேன்டா. நாளைக்கு உன்ன வரச் சொல்லிக்கிறாரு. இன்னும் ஒரு கப்பல் இருக்குதாம்."

திரும்பி நடந்தேன்.

ஐப்பசி 14
போகவில்லை. எனக்காகத் துவைத்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நைனா கரையில் நின்றார். நான் ஏரிக்குள், இடுப்பளவு தண்ணீரில். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியதும் தனியாகத் திரும்பிப் போனார்.

சேற்றில் தடவித் தடவி ஒரு கை இறால். மரத்தடிக்குக் கொண்டுபோனேன்.

அந்த அம்மா கை நீட்டவில்லை.