முதுகில் அம்பு பட்டவனுக்கு ஒரு கல்

திரு ஓங்குக. வெண்கோட்டு நாட்டின் முடியுடை அரசியும், இரட்டை நாரைக் கொடிக்கு உரியவளும், கருவேணி ஆற்றின் தென்கரைக் காவலை ஏற்றவளுமாகிய நங்கை மாதேவி, நாரைத்துறைக் கோட்டைத் தலைவர் விடங்க மழவராயருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையின் மதில் உறுதியாக நிற்க. துறையின் ஓடங்கள் நலமே சென்று திரும்ப. படைச்சேரியின் அடுப்புகள் அணையாதிருக்க. உமக்குரிய வாழ்த்தை ஓலையின் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

போர் முடிந்தபின் நம் நாட்டில் படைவிருந்து நடப்பதும், விழுந்த ஒவ்வொருவனுக்கும் ஓர் இலை விரிப்பதும், அவனோடு நின்றவர்கள் தம் முதல் கைச்சோற்றை அதில் இட்டு அவனைப் பற்றிப் பேசுவதும் நீர் அறியாதவை அல்ல. நேற்று நம் முற்றத்தில் அவ்விருந்து நடந்தது. உம் கோட்டை வீரர்களான தித்தன், ஓதன், மாசாத்தன் ஆகிய மூவரும் தம் தோழன் சேந்தனுக்கு இலை கேட்டனர். முதுகில் புண்பட்டு இறந்தவன் ஓடியவன், ஓடியவனுக்கு இலையும் இல்லை நடுகல்லும் இல்லை என்பது உமது தீர்ப்பென்று சொல்லிப் பரிமாறியவர்கள் மறுத்துவிட்டனர். மூவரும் சோற்றில் கை வைக்காமல் எழுந்தனர். நம் விருந்தில் பசியோடு எழுந்தவரை யாம் கண்டதில்லை. அருகே அழைத்துக் காரணம் கேட்டோம்.

சேந்தனுக்கு நீச்சல் தெரியாது என்று தித்தன் தொடங்கினான். ஆறு காலடியில் ஓடினாலும் கரையில் குந்திச் செம்பால் மொண்டுதான் குளிப்பானாம். கேலி செய்தால், மீன்கள் குடியிருக்கும் இடத்தில் தனக்கென்ன வேலை என்று கேட்பானாம். அம்பறாத்தூணியில் வெல்லக்கட்டியை ஒளித்துவைப்பான் என்றும், வெல்லம் அவனுக்கு, எறும்புக்கடி பக்கத்தில் படுத்த தமக்கு என்றும் ஓதன் சொன்னான். சொல்லிச் சிரித்தவன் அப்படியே அழுதுவிட்டான்.

மாசாத்தன் சிரிக்கவில்லை. வடகரையில் நம் படை பின்வாங்க நேர்ந்த அன்று, ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றின் தென்நுனி மருதமரத்தில் இருந்ததாம். வடநுனியைக் கட்டிய முளை பிடுங்கிக்கொண்டதாம். தண்ணீருக்கு அஞ்சிய அந்தச் சேந்தன் இடுப்பளவு நீரில் இறங்கி, முளையோடு பெயர்ந்து ஆடிய நுனியைத் தன் இடுப்பில் சுற்றி, நம் கரையைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்து நின்றானாம். பகைவர் அவன் முதுகுப்புறம் வந்தனர். திரும்பினால் கயிறு தளரும். தளர்ந்தால் நடு ஆற்றில் இருப்பவர்கள் போய்விடுவார்கள். அவன் திரும்பவில்லை. கடைசி வீரன் கரையேறியபின், அதே கயிற்றால் அவனை உயிரற்றவனாக இழுத்தெடுத்தோம் என்றான் மாசாத்தன்.

மழவராயரே, இதுவரை கேட்டுத் துயருற்றோம். அடுத்துக் கேட்டதில் எமக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கயிற்றை முதலில் பற்றிக் கடந்தவர் நீராம். கரையிலிருந்து இறங்க அவன் தோளை மிதித்தீராம். மெல்லப் போங்கள் ஐயா, நான் விடமாட்டேன் என்று அவன் உமக்குச் சொன்னதை மூவரும் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவும் தெரிந்த நீர், மறுநாள் அவன் உடலைக் குப்புறப் புரட்டி, எத்தனை பெரிய நீதிமானாய் முதுகைச் சுட்டிக் காட்டினீர்! அவன் மனைவி குவளையைப் படைச்சேரியை விட்டு விரட்டவும் உமக்கு வாய் வந்தது. முதலில் ஓடிவந்தவர் யார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்ற அச்சமா? வெட்கம் என்று ஒன்று உண்டா உமக்கு?

ஆகவே நமது ஆணை. வரும் முழுநிலவுக்குள் சேந்தனுக்கு நடுகல் அந்த மருதமரத்தடியில் நாட்டப்படுக. அதில் அவன் முகம் நம்மைப் பார்க்கட்டும். முதுகின் அம்புகளும் தெரியட்டும், ஒன்றையும் மறைக்க வேண்டாம். குவளை தன் வீட்டுக்குத் திரும்புக. கல்லுக்கு முதல் பூவை அவள் இடுக. கல்லை மலையடியிலிருந்து இழுத்து வருவது அதே கயிறு. அதன் முன்நுனி உமது இடுப்பில் இருக்கும். மேலாடை இல்லாமல் வாரும். வழிநெடுக மக்கள் நின்று உம் முதுகைப் பார்க்கட்டும். ஒரு கீறலும் இல்லாத அந்த அழகிய முதுகு யார் கொடுத்தது என்பதை இந்த மூவரும் உம் பின்னே நடந்து சொல்லிவருவார்கள்.

இது கோமகள் வாய்மொழி; இரட்டை நாரை இலச்சினை இட்டு விடுத்தோம். மறுப்பவர் கோட்டைக்கு உரியவரல்லர். கடைசியில் எழுதுவதாகச் சொன்ன வாழ்த்து உமக்கு இல்லை. சேந்தன் பெயர் வாழ்க.