சீவரத்தினத்தாரின் வைரக்கல்

இஞ்சாருங்கோ,
தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு அக்காவைப் பார்க்கப் போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன.

எனக்கு மூக்குத்தி செய்ய உங்கள் சிநேகிதர் சீவரத்தினம் இன்று வைரக்கல் கொண்டுவருகிறார். “அவர் என்னை ஏமாத்தமாட்டார்” என்று ராத்திரி சண்டை பிடித்தீர்கள். ஓம், அவர் வாங்கித் தந்த கறவைப் பசு பால் தருவதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டு நிற்கிறது.

விளக்கடியில் எந்தக் கல்லும் மினுங்கும். முற்றத்துப் பங்கர்க் குழி வாசலில் வெயில் அடிக்கும், அங்கே வைத்துப் பாருங்கோ. நடுவில் இருண்டு கிடந்தால் வெட்டுப் பிழை, பாதி விலைதான். பேப்பரில் கவிழ்த்து வையுங்கோ. கல்லுக்குள்ளால் எழுத்துத் தெரிந்தால் அது கண்ணாடி. செய்தியை வாசித்துவிட்டு, தேத்தண்ணி கொடுத்து ஆளை அனுப்புங்கோ.

பூரணம்

பி.கு: நல்ல கல் என்றால் வாங்குங்கோ. உங்கள் ஒப்பரேசனுக்கு மூக்குத்தியை விற்றதிலிருந்து துளை தூர்ந்துகொண்டு வந்தது. இன்று காலை வேப்பீர்க்குச் செருகியிருக்கிறேன். சிரிக்கக்கூடாது.