புது பிரஷ் பழகும்வரை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போட வேண்டும்.

"ஷேவ் பண்ணி யாருக்குக் காட்டப்போறேன்னு கேக்குறாரும்மா அப்பா" என்று மகள் போனில் சொன்னாள். நீங்களோ போன மாதத்திலிருந்து வீடியோ காலில் முகத்தைக் காட்டாமல் மின்விசிறியைத்தான் காட்டுகிறீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு ஷேவிங் பிரஷ், நீங்கள் போடும் அதே சந்தன வாசனையில் சோப்பு, ஆஃப்டர் ஷேவ் எல்லாம் வாங்கினேன். புது பிரஷ் முடி உதிர்க்கும், நாலைந்து தடவை நுரைத்துக் கழுவினால் சரியாகும் என்றார் கடைக்காரர். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தினமும் காலையில் என் வாடகை அறையில் நுரைத்தேன்.

நேற்று குழாயைப் பார்க்க வந்த வீட்டுக்காரம்மா ஈர பிரஷைப் பார்த்துவிட்டார்.

"ஆம்பளைங்க தங்கக் கூடாதுன்னு சொன்னேனே?"

"யாரும் இல்லைங்க. இது என் வீட்டுக்காரருக்கு."

"அவர் எங்க?"

"ஊர்ல."

"அப்ப நுரை யாருக்கு?"

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார். சிரித்துக்கொள்ளுங்கள்.

முடி உதிர்வது எப்போதோ நின்றுவிட்டது. சோப்புதான் பாதி கரைந்திருக்கிறது. அந்த வாசனை வந்தால் அடுத்த அறையில் நீங்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. பிரஷையும் மீதி சோப்பையும் நாளை அனுப்பிவிடுகிறேன். ஆஃப்டர் ஷேவைத் தபாலில் எடுக்க மாட்டார்களாம். அது என்னிடமே இருக்கட்டும்.

பார்சல் வந்து சேர்ந்ததும் ஷேவ் செய்துகொண்டு, கேமராவை உங்கள் பக்கம் திருப்புங்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, பேருந்தைப் பிடிக்க வேண்டும். உங்கள் பழைய பிரஷை எனக்கு அனுப்பிவையுங்கள். கழுவ வேண்டாம்.

உங்கள் மனைவி