ஆரஞ்சு உரிக்கும் நேரம்

மாப்ள,

இன்று காலை மஞ்சக்குட்டை போகும் ஜீப்பில் பின்னால் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசம் ஏறியதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் இந்த ரைட்டர் வாயை மூடினான் என்ற செய்தி இந்நேரம் மலை முழுக்கப் போயிருக்கும். வேறொருவர் வாயாக இருந்தால் நானே ஊடு ஊடாகப் போய்ச் சொல்லியிருப்பேன்.

உன் ஜீப்பில் எப்போதும் ஒரு பை ஆரஞ்சு தொங்கும். ஒன்பது பேர் வண்டியில் பதினாறு பேரை அடைத்தால் சண்டை வராமல் இருக்குமா? நீ வண்டியை ஓரங்கட்டுவாய். யார் பக்கம் நியாயம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதிகம் கத்துகிறவர் கையில் ஒரு பழத்தை வைத்து, "உரிச்சுக் குடுங்க, பசிக்குது" என்பாய். இரண்டு கையும் தோலில் மாட்டிக்கொண்டால் விரல் நீட்டிப் பேச முடியாது. உரித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்திருப்பாய். பாதிப் பழத்தில் குரல் இறங்கிவிடும். கோழிக்கூடை சேலையில் பட்டதென்று கத்தியவள், மகன் ஆறு மாதமாகப் போன் பேசவில்லை என்பாள்.

முன்சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்த நான், மறுநாள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன். "நீ நொம்ப நல்லாப் பேசற மாப்ள. எதுக்க இருக்கறவங்க மூஞ்சியத்தான் பாக்கறதில்ல" என்றாய் ஒருமுறை. அதையும் உன் குரலிலேயே மூன்று ஊரில் நடித்தேன்.

பிறகு உன் மகளின் நிச்சயம் முறிந்தது. குப்பனூர்ப் பையன் வீட்டார் ஆளனுப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஜீப்பில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் பேசவில்லை. பின்சீட்டில் அவளும் இருந்தாள். மௌனம் எனக்கு ஆகாதே. அவளைச் சிரிக்கவைத்துவிடலாமென்று, பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பையனின் அப்பா பஜ்ஜியைப் பிழிந்து பிழிந்து தின்றதை நடித்தேன். ஜீப்பே குலுங்கியது.

நீ ஓரங்கட்டினாய். ஒரு பழத்தை எடுத்து நீயே உரிக்க ஆரம்பித்தாய். அதற்கு முன் நீ உரித்து நான் பார்த்ததே இல்லை. ஒரு கணம் உன் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். நான் பார்த்தது பழத்தை. நீ உரித்து வைத்த சுளைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே அடுத்த கதைக்குப் போனேன்.

"இனிப்பா இருக்குதுங்களா?" என்றாய். இருபது வருடத்தில் அன்றுதான் எனக்கு மரியாதை கொடுத்தாய்.

"கொஞ்சம் புளிப்புங்க" என்றேன்.

மறுநாள் முன்சீட்டில் என் இடத்தில் ஸ்டெப்னி டயர் உட்கார்ந்திருந்தது. நான் பின்னால் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் தினமும் ஏறினேன். வாய் திறந்தால் ஜோக்தான் வந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று உரித்தது யாரென்று திரும்பினேன். உன் மகள். மாரமங்கலம் அங்கன்வாடியில் வேலையாம். நடுவில் இருவர் இறங்கியதும் பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் பேசுனது தப்பு, கண்ணு" என்றேன். ஒரு ஜோக்கும் சேர்க்கவில்லை, நம்பு.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் தோல் வரைக்கும் நிதானமாக உரித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்திருந்தேன். இரண்டு வருடம் தாமதமாக வந்த கெட்டிக்காரத்தனம்.

"நீங்க ஏறுனா அப்பா கண்ணாடியிலயே பாத்துட்டிருப்பாருங்க, மாமா. இன்னிக்காச்சும் சொல்லுவீங்கன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். பழத்தை டிபன் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு இறங்கிப் போனாள். தோல் மட்டும் சீட்டில் கிடந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

இது என்ன என்று வீட்டில் கேட்டால் சொல்ல, பாவி நான், ஒரு ஜோக்கும் தயாராக வைத்திருக்கிறேன்.