இரண்டு பாட்டு இருக்கிறது, இஞ்சாருங்கோ

என் அன்பான இஞ்சாருங்கோ,

நாற்பது வருசமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காக இப்போது பெயரைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'மனுசிக்கு என்ர பேரே தெரியாது' என்று கோயிலடியில் எல்லாரிடமும் பகிடி விடுவீர்கள். தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு செய்கிறது. மகள் ஷரோன் ஞாயிறுதோறும் வருகிறாள், குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பேசுகிறாள். நீங்கள் கண்மூடி ஒரு வருசமாகிற ஆண்டுத் திருப்பலிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. அதற்கு முன் டெக்லனைப் பற்றி உங்களிடம் ஒரு விசயம் சொல்ல வேண்டும்.

பூசை முடிந்து வந்ததும் நீங்களும் பக்கத்து வீட்டு டெக்லனும் எங்கள் விறாந்தையில் இருந்து அவருடைய ஐரிஷ் இசைத்தட்டுகளை எத்தனை ஞாயிறு கேட்டிருப்பீர்கள்? ரெனர் என்கிற அந்த உச்சக்குரல் பாடகர்கள் குரலை உச்சிக்கு ஏற்றும்போது நீங்களும் கூடவே ஏறுவீர்கள். எங்கள் பென்டில் ஹில் ஊரில் பாதிச் சனத்துக்கு அது கேட்கும். எனக்கு மதியச் சமையலே அந்தப் பாட்டோடுதான் நடந்தது.

அவர் கடைசியாக வந்த ஞாயிறு உங்கள் வாய் ஏன்தான் அப்படிப் போனதோ? "இவ்வளவு பெரிய பாடகர்கள், ஒருத்தனாவது தன்ர ஐரிஷ் பாஷையில பாடி ரெக்கோட் பண்ணினவனே? எல்லாம் இங்கிலீஷ். பாஷையை வித்த சனம்" என்றீர்கள். "நிறையப் பாடியிருக்கினம்" என்றார் அவர். "எங்க, காட்டு பாப்பம்" என்றீர்கள். மனுசன் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். பிறகு எங்கள் கேற்றைத் திறக்கவே இல்லை. நீங்களும் வீம்பாக இருந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் மட்டும் கேட்டீர்கள், "டெக்லன் வந்தவனே?" என்று. "ஓம், நீங்கள் நித்திரையா இருக்கேக்க வந்து பாத்திட்டுப் போனவர்" என்றேன். அது பொய். நீங்கள் படுத்திருப்பதே அவருக்குத் தெரியாது, சாவுச் செய்திதான் போனது. போய்ச் சொல்ல என் ரோசம் விடவில்லை. ஒரு வருசமாக அது எனக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டேன், உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

போன மாதம் ஷரோன் கேட்டாள், ஆண்டுச் சாப்பாட்டில் அப்பாவின் குரலில் ஒரு தமிழ்ப் பாட்டுப் போடுவோமா என்று. பிஸ்கட் பெட்டியில் இருந்த கசெற், உங்கள் போன், கலியாண வீடியோ எல்லாம் கிண்டினோம். கரோல், கலியாணப் பாட்டு, டெக்லனோடு பாடின ஐரிஷ் பாட்டு, அத்தனையும் இங்கிலீஷ். தமிழில் ஒன்றுகூட இல்லை. குசினியில் மீன் வெட்டும்போது ஒருநாள் தவறாமல் தமிழில்தானே பாடினீர்கள்? அதைப் பிடித்துவைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். முதலில் அழுகை வந்தது. பிறகு நினைக்க நினைக்கச் சிரிப்பு. அயர்லாந்து முழுவதையும் ஏசின மனுசன் நீங்கள்.

இதை டெக்லனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீன் றோல்ஸ் பொரித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். உங்கள் கசெற் கதையைச் சொல்ல, மனுசன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தத் துணிவில் என் பொய்யையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கடிக்கப்போன றோல்ஸைத் திரும்ப வைத்தார்.

"அண்டைக்கு எனக்கு ஏன் கோபம் வந்தது தெரியுமோ?" என்றார். அவருடைய இங்கிலீஷை நான் எங்கள் தமிழில் சொல்கிறேன். "எனக்கே அந்தப் பாஷையில ஒரு சொல்லும் தெரியாது. அம்மா கோப்பை கழுவேக்க ஐரிஷிலதான் பாடுவா. ரேடியோவில அந்தப் பாடகர்கள் வந்தால் மட்டும் கையைத் துடைச்சுப்போட்டு வந்திருந்து இங்கிலீஷ்ப் பாட்டுக் கேப்பா. வீட்டில கிடைக்கிறதை ஆர் கடையில வாங்குவினம்?"

பிறகு அலுமாரியைத் திறந்தார். ஐம்பது தட்டுக்கு மேல் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து உறை உறையாக இருவரும் பார்த்தோம். ஐரிஷில் இரண்டே இரண்டு பாட்டு இருக்கிறது, இஞ்சாருங்கோ. ஒன்றும் இல்லை என்ற நீங்களும் தோற்றீர்கள், நிறைய என்ற அவரும் தோற்றார். வேறு வீடுகளில் வேறு தட்டுகள் இருக்குமோ, யார் கண்டது?

போன சனிக்கிழமை ஷரோன் எங்கள் இருவரையும் காரில் ஏற்றிச் சேமக்காலைக்குக் கூட்டிவந்தாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெக்லன் கோட் போட்டு வந்தார். தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, காதில் விழுந்தபடி தாளில் எழுதிய பாட்டை உங்கள் கல்லறைக்கு முன் நின்று பாடினார். எண்பது வயதுக் குரல், உச்சியில் இரண்டு இடத்தில் உடைந்தது.

"வாட் டஸ் இற் மீன், அங்கிள்?" என்று ஷரோன் கேட்டாள்.

"தெரியாது. இவன் காட்டச் சொன்னவன், காட்ட வந்தனான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப உங்கட முறை" என்றார்.

என் குரல் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த மீன் வெட்டுகிற பாட்டைத் தொடங்கினேன். இரண்டு அடி வந்தது, மூன்றாவது மறந்துபோனது. மறந்த இடத்தில் நின்று அழுதேன். ஷரோன் போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி செய்யிறாய்?"

"ரெக்கோடிங், அம்மா. டோன்ற் ஸ்டொப்."

ஆண்டுச் சாப்பாட்டில் அதைத்தான் போடப்போகிறோம். சுருதி இல்லை, நடுவில் ஒரு பிளேன் போகிறது. உங்கள் குரல் அதில் இல்லை என்ற கவலை எனக்குச் சாகும்வரை இருக்கும். ஆனாலும் அன்றிரவு நல்ல நித்திரை வந்தது.

மன்னாரில் இருக்கும் உங்கள் அக்காவிடம் மூன்றாவது அடியைக் கேட்டு எழுதிக்கொண்டேன். இனி மீன் வெட்டும் நாட்களில் போனைக் குசினியில் திறந்துவைத்துவிட்டுப் பாடுவேன். இது சத்தியம். எனக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் பெட்டியைக் கிண்டினால், தமிழில் பாடிக்கொண்டு ஒரு கிழவி கட்டாயம் அகப்படுவாள்.

உங்கட மனுசி,
றெஜினா