எந்தப் பெட்டி மந்தம்

ஆகஸ்ட் 3, திங்கள்

விடாத மழை. பவானிபூர் முழுக்க முழங்கால் தண்ணீர். விஜயா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். மெட்ரோ மட்டும் ஓடுகிறதாம். எனக்கு வார ஓய்வு, ரெஸ்டாரெண்டில் கிடார் வாசிப்பு இல்லை.

வாங்க வேண்டியது: கிடாருக்கு முதல் தந்தி. மண்ணெண்ணெய். லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி (மழை விட்டால்).

மத்தியானம் மஜீத் பாய் வந்தார், தொப்பலாக. கார்டன் ரீச்சுக்காரர், கப்பலில் எலக்ட்ரீஷியன். சிங்கப்பூர் போய்வரும்போதெல்லாம் பார்க் ஸ்ட்ரீட் பாண்டுகளுக்கு எதையாவது கொண்டுவருவார். இந்தத் தடவை மூன்று ரிவெர்ப் பெட்டிகள், லுங்கிகளில் சுற்றி. ரேக்கில் திருகி மாட்டுகிற தட்டையான, அகலமான பெட்டிகள். கிடார் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கூடத்தின் எதிரொலியைச் சேர்த்துக் கொடுக்கும்.

"பஜாகே தேகோ, சேகர் பாய். ஷனிவார் ஏக் ரக்னா, தோ வாபஸ்." வாசித்துப் பார்த்து, சனிக்கிழமை ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்ப வேண்டும். ஞாயிறு அவருக்குக் கப்பல்.

ரெஸ்டாரெண்டில் ஏ.ஸி. வைத்த நாளிலிருந்து இந்தத் தலைவலி. தரையெல்லாம் கம்பளம், ஜன்னலெல்லாம் கனத்த திரை, மேலே பொய்க் கூரை. கிடார் சத்தம் விழுந்த இடத்திலேயே சாகிறது. முதலாளி ஒரு பெட்டி வாங்கித்தரச் சம்மதித்தது பெரிய விஷயம். எது என்று நான் சொல்ல வேண்டும். எங்கள் பாண்ட் லீடர் ரோனி, டிரம் வாசிப்பவர், நேற்றே சொல்லிவிட்டார்: "கிடார் உன்னுது, காது உன்னுது. நீயே பொறுக்கு மேன்."

இடது காதில் அந்த விசில். இன்று வாசிப்பு இல்லாமலேயே.

விஜயா வந்ததும் சண்டை. கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்ததாம். "மழைச் சத்தம்" என்றேன். "மழை நின்னு அரை மணி ஆச்சுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

புழுக்கம். பிற்பகல், ரெஸ்டாரெண்ட் திறக்குமுன் சோதனை. நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்தபடி. ஈரக் கம்பள நாற்றம். ரோனி, கீபோர்டு தபன், பாட்டுக்கார பாமேலா, நான்.

பெட்டி 1. ஜப்பான், டிஜிட்டல். இரைச்சல் இல்லை. ஆனால் மந்தம். யாரோ கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போல.

பெட்டி 2. அமெரிக்கா. ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாம் ஒன்றிலேயே. 110 வோல்ட், தனி டிரான்ஸ்பார்மர் தேடணும். மேல் சுருதியை மங்கவைக்கும் குமிழை முழுக்கத் திறந்துவிட்டால் கிடாருக்கு உயிர் வருகிறது. இதுதான்.

பெட்டி 3. பழசு. உள்ளே நிஜமான ஸ்பிரிங். ரோனி டிரம்மை மிதித்தால் இதுவும் கூடச் சேர்ந்து கடகடக்கிறது. தள்ளு.

இரண்டாவதை முழுக்கத் திறந்து வாசித்தபோது பாமேலா கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ஜலதோஷமாக இருக்கும், ஊரே தும்முகிறது. தபன் சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டான். "ரொம்ப ஷார்ப், மேன். கொஞ்சம் இறக்கு" என்றார் ரோனி. இறக்கினேன். பிணமாகிவிட்டது. மறுபடி ஏற்றினேன்.

தபனைப் பிடித்து உட்காரவைத்து, கம்பளம் மேல் சுருதியைத்தான் முதலில் தின்னும், அதனால்தான் திறந்து வைக்க வேண்டும் என்று விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டினான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

டிரான்ஸ்பார்மர்: சாந்தினி மார்க்கெட்டில் கேட்க.

ஆகஸ்ட் 5, புதன்

மழை இல்லை. மத்தியானம் வரை மின்சாரமும் இல்லை. தந்தி வாங்கியாயிற்று. காப்பிப் பொடி மறந்துபோயிற்று.

மறுபடி சோதனை. அதே பெட்டிகள், அதே முகங்கள். இரண்டாவதுதான் என்றேன். ரோனி குச்சியைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். அந்த நடையில் சுவரெல்லாம் டைல்ஸ், யார் பேசினாலும் கணீரென்று திருப்பி அடிக்கும். தபனின் தடித்த குரல், ரோனியிடம்: "காலாகே தியே ஹோபே நா, ரோனி தா."

காலாவால் ஆகாது.

உடம்பெல்லாம் எரிந்தது. கரக்பூர் ரயில்வே காலனியில் ஹிந்திப் பையன்கள் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. காலா, காலா மதராஸி. கறுப்பன். அதற்காக ஒருவன் பல்லை உடைத்து, அப்பாவிடம் பெல்ட்டால் வாங்கியிருக்கிறேன். இந்த பாண்டிலும் ஒரு வருஷமாக இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால், சிரிப்பில்லாமல். போகட்டும், நிறத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, வாசிப்பில் காட்டுவோம் என்று விட்டுவந்தேன். ஒவ்வொரு தரமும் இன்னும் நன்றாக வாசித்தேன். இன்னும் சத்தமாகவும்.

ஆனால் என் தோலுக்கும் ரிவெர்ப் பெட்டிக்கும் என்னடா சம்பந்தம்?

ராஸ்கல். என் வீட்டில் வந்து தோசை தின்றவன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மேகம். தூறல்.

காலையில் விஜயாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் இங்கேயே பிறந்து, காளிகாட்டில் பெங்காலிப் பள்ளியில் படித்தவள். என் பெங்காலி கரக்பூர் ஹிந்தியின் மேல் பூசிய வெறும் சுண்ணாம்பு.

"என்ன வார்த்தை சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"காலா."

"காலாவா, காலோவா?"

"எல்லாம் ஒரே எழவுதானே?"

"ஹிந்தியில காலான்னா கறுப்பு. பெங்காலியில கறுப்புக்குக் காலோன்னுதான் சொல்லுவாங்க." நிறுத்திவிட்டாள். பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப காலான்னா?"

ஏதோ சொன்னாள். விழவில்லை. "என்ன?" என்றேன். மறுபடி சொன்னாள், மறுபடி விழவில்லை. மூன்றாம் தரம் கத்தியே சொல்ல வேண்டியதாயிற்று: "காது கேக்காதவங்க! செவிடு!" எதிர்வீட்டு மாஷிமா ஜன்னலில் எட்டிப்பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

விஜயா அழுதாள். நான் அழவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன துர்கா பூஜைக்கு முன்னாடியேங்க. நீங்க வைக்கிற ரேடியோ சத்தத்துக்கு மாஷிமா வீட்டுல ஜன்னலையே சாத்துறாங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எம்மேலதான் பாய்வீங்க."

உண்மை. பாய்ந்திருப்பேன்.

ஆபீஸ் போகும்போது காது டாக்டர் பெயரை ஒரு சீட்டில் எழுதி டீ கிளாஸ் அடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளோடு வேலை பார்ப்பவரின் அம்மாவுக்குப் பார்த்தவர். எப்போதோ விசாரித்து வைத்திருக்கிறாள்.

பகல் முழுக்கப் படுத்தே கிடந்தேன். கறுப்பன் என்று சொன்னால் தலை நிமிர்ந்து திருப்பிக் கொடுக்கலாம். ஒரு வருஷம் அந்தக் கோபத்திலேதான் நின்றேன். இப்போது யார்மேல் கோபப்படுவது? அவர்கள் திட்டவே இல்லை. இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். பரிதாபப்பட்டு முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான். பரிதாபம்! அதற்குக் கரக்பூர்ப் பையன்களே தேவலை.

பாமேலாவின் பஞ்சு. ஜலதோஷமாம் ஜலதோஷம்.

வாசிக்கப் போனேன். குனிந்த தலை நிமிராமல் வாசித்தேன். தபன் பிஸ்கட் நீட்டினான், வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

வெயில். ஹாஜ்ரா முனையில் டாக்டர். சிறிய கண்ணாடி அறை, தலையில் ஹெட்போன். சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை மிஷின்மேல் இருப்பது தெரிந்தது. கை அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். சந்தோஷமாகவே அழுத்தினேன், பாஸாகிவிடுவேன் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து, என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

அப்புறம் நீண்ட அமைதி. அவர் சத்தம் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கோடு போட்ட தாளைக் காட்டினார். கீழ்ச் சுருதிகள் பரவாயில்லை. மேலே போகப் போகக் கோடு கிணற்றுக்குள் இறங்குகிறது. இடது இன்னும் மோசம். "டிரம் எந்தப் பக்கம்?" என்றார். "இடது." "எத்தனை வருஷமா?" சொன்னேன். பேனாவை மூடினார்.

மருந்து கிடையாது. போனது வராது. இதே வேலையில் இருந்தால் மிச்சமும் போகும். காதில் மிஷின் வைத்துக்கொள்ளலாம், பேச்சுக்கு உதவும், சங்கீதத்துக்கு உதவாது. நல்ல மனிதர். சத்தமாக, உதட்டை அசைத்து அசைத்துப் பேசினார், குழந்தைக்குச் சொல்வது போல. ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது.

வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? டைப்கூட வராது.

பயமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, சனி

காலையில் ஒன்று தோன்றியது. எனக்கு உயிரோடு கேட்பது மற்றவர்களுக்குக் காதில் ஊசி. அப்படியானால் எனக்கு மந்தமாகக் கேட்பதுதான் அவர்களுக்குச் சரியாக இருக்க வேண்டும். இதற்குக் காது எதற்கு?

மூன்று மணிக்கு எல்லாரும் வந்தார்கள். பெட்டி 1 என்றேன். ரோனி புருவத்தைத் தூக்கினார். குமிழ்களை எண்ணைப் பார்த்து வைத்தேன், கேட்டு வைக்கவில்லை. எதிரொலி நடுத்தரம், மேல் சுருதி பாதிக்கும் கீழே. எனக்குக் கம்பளிக்குள் வாசிப்பது போலத்தான். தந்திமேல் விரல் உரசுவது மட்டும் தெரிந்தது. வாசித்தபடியே முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாமேலா கைப்பையிலிருந்து பஞ்சை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தபன், "பாஹ்! தாருண்!" என்றான், பிரமாதம் என்று கையைத் தூக்கி. ரோனி என் முதுகில் அறைந்தார். "நான் சொன்னேன்ல தபன்? ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு நாள் விட்டா சரியாப் பொறுக்குவான்னு சொன்னேன்ல?"

ரோனி எனக்காகப் பேசியிருக்கிறார். இது எனக்குத் தெரியாது.

மஜீத் பாய் மற்ற இரண்டையும் லுங்கியில் சுற்றி எடுத்துப்போனார். முதல் பெட்டியை ரேக்கில் மாட்டித் திருகினேன். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி முதல் மார்க் வாங்கின மாதிரி. வெட்கம்தான். சந்தோஷமும்தான், பொய் சொல்வானேன். எண்ணைப் பார்த்து, முகத்தைப் பார்த்து இன்னும் சில வருஷம் ஓட்டிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

சட்டை இஸ்திரி ஆகிவிட்டது. கிளம்பணும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலை. வெயில் சுள்ளென்று. காப்பி இல்லை, டீதான்.

நேற்று நல்ல கூட்டம். முதல் பாதி நன்றாகவே போயிற்று. முகங்கள் எல்லாம் சரியாக இருந்தன. இடைவேளைக்குப் பிறகு மின்சாரம் போய், ஜெனரேட்டர் வந்தது. பாமேலாவின் மெதுப் பாட்டு. நடுவில் கிடார் தனியாகப் பேசும் இடம், இந்தப் பெட்டி வாங்கினதே இதற்காகத்தான். உருகி வாசித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி விரல் ஓடியது. மேஜைகளில்கூட இரண்டு பேர் தட்டினார்கள்.

பாட்டு முடிந்ததும் பாமேலா மைக்கை விட்டு நகர்ந்து என் ரேக் பக்கம் வந்தாள். குனிந்து பெட்டியில் ஒரு பட்டனை அழுத்தினாள். ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாவம்.

பைபாஸ். மின்சாரம் போய் வந்தால் இந்தப் பெட்டி பைபாஸில்தான் திரும்ப எழுந்திருக்கும் போல. ரிவெர்ப் துளியும் சேராமல் கிடார் சத்தம் வெறுமனே கடந்து போயிருக்கிறது. பாட்டு முழுக்க. கம்பளத்தில் சொத்து சொத்தென்று விழுந்திருக்கும். ரோனிக்குக் கேட்டது, தபனுக்குக் கேட்டது, பாமேலாவுக்குக் கேட்டது. எனக்கு முகங்களைப் பார்க்க மறந்துபோயிற்று, நன்றாக வாசிக்கிறேன் என்ற நினைப்பில்.

அவள் அழுத்தின பிறகும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தபன் அதற்கப்புறம் என் பக்கமே திரும்பவில்லை. சாமான் கட்டும்போது ரோனியிடம் நானே போய்ச் சொன்னேன். "ரோனி, எனக்குக் காது போயாச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். வேற ஆளப் பாருங்க." அவர் டிரம் கால்களை மடக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. முதுகைக் காட்டியபடியே ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார், தோள் அசைந்தது தெரிந்தது. பிறகு டிரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

என்ன சொன்னார் என்று தெரியவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விஜயா சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், இன்று சாயங்காலம் வாசிக்கப் போக வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு.