கொய்யாவடி

தண்ணீரூற்று. மார்கழி, ஞாயிறு.

லண்டனிலிருந்து மாமா அனுப்பிய, புல் வெட்டும் ரோபோவை இன்று மாலை முதன்முறையாக முற்றத்தில் விட்டேன். மழைக்குப் புல் வளர்ந்து பாம்பு வருகிறது. அம்மாவால் குனிய முடிவதில்லை. வேலியோரமாக எல்லை வயர் பதித்திருந்தேன். அதைத் தாண்டி அது போகாது.

"வெளிநாட்டு ஆமை," என்று அம்மா சிரித்தார்.

அது கொய்யா மரத்தடிப் பக்கம் திரும்பியதும் அம்மா எழுந்து ஓடிக் குறுக்கே நின்றார். அவரின் செருப்பில் முட்டித் திரும்பிப் போய், மறுபடியும் வந்தது.

"நிப்பாட்டு பிள்ளை. அதிலை கொண்ணன் கிடக்கிறான்."

நான் பிறக்கும் முன்பே குண்டுவீச்சில் இறந்த அண்ணா மயானத்தில் இருப்பதாகவே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"அண்டைக்கு மயானத்துக்குக் கொண்டுபோக ஏலேல்லை. பிளேன் சுத்திக்கொண்டு நிண்டது. அப்பாதான் இதிலை இருந்த பங்கர் குழிக்குள்ளை வைச்சு மூடினவர்."

அந்தக் கொய்யா நிழலில் பாய் போட்டுத்தான் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ அதிலை இருக்கமாட்டாய். நீ சத்தமாய்ப் படிக்கேக்கை, அவனுக்குப் பக்கத்திலை ஆள் இருக்கெண்டு எனக்கொரு ஆறுதல்."

வயரைப் பிடுங்கி, கொய்யாவடியை வெளியே விட்டுப் பதித்தேன். அம்மா அங்கே கையால் புல் பிடுங்கத் தொடங்கினார். நான் பல்கலைக்கழகத்தில் இருந்த நான்கு வருடமும் அவனுக்குப் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்க நினைத்தேன். பாயை எடுத்துக்கொண்டு போய் அங்கே இருந்தேன்.

அண்ணாவுக்கு எதை வாசிப்பதென்றுதான் தெரியவில்லை.